பத்தொன்பதாவது ஒன்று

எனக்குப் பத்தொன்பது வரை ஒழுங்காக எண்ணத் தெரியாது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் கணக்கு வாத்தியாராகச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். எண்ணத் தெரியாததோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. எண்ணிக்கை தப்பியதற்கு இன்னொருவர் மேல் சந்தேகப்பட்டு, அதைக் கடிதமாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முட்டாள்தனத்தில் எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று இரண்டு உண்டென்றால் நான் இரண்டிலும் தேறியவன்.

நான் பிறவிச் சந்தேகி. எங்கள் குஜிலியம்பாறைப் பக்கத்தில் மானாவாரிக் காட்டுக்காரர்கள் வானத்தையே நம்ப மாட்டார்கள். அதில் என் பங்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் வேலை கிடைத்தது என் குணத்துக்கு ரொம்பத் தோதாகப் போயிற்று. வாடகை அறையைப் பூட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்து, படியிறங்கி, மறுபடி ஏறி வந்து நாலாவது தடவையும் இழுப்பேன். கீழ்வீட்டு அம்மா தலையை நீட்டி, "இழுத்து இழுத்து நீங்களே ஒடச்சிராதீக சார், திருடனுக்கு வேலை மிச்சம்" என்பார்.

அப்படிப்பட்டவனுக்குப் பகா எண்கள் பிடித்துப்போனதில் அதிசயமில்லை. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் பகா எண். ஆனால் ஒரு எண் வந்து நின்றுகொண்டு "நான் பகா எண்" என்றால் நம்பிவிடக் கூடாது. 2-ஐக் கூப்பிட்டு, "உன்னால் இவனை வகுக்க முடியுமா?" என்று கேட்க வேண்டும். பிறகு 3, பிறகு 5, பிறகு 7. இப்படி அந்த எண்ணின் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்கள் அத்தனையையும் கூப்பிட்டு விசாரித்தாக வேண்டும். ஒரே ஒரு ஆளைக் கேட்காமல் விட்டாலும் தீர்ப்பு செல்லாது. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். நான்தான் கேட்கவில்லை.

பகா எண்களிலும் எனக்குக் கிறுக்குப் பிடித்தது ஒரு சாதியின் மேல். வெறும் ஒன்றுகள் மட்டும் வரிசையாக நிற்கிற எண்கள் அவை. 11 பகா எண். 111 இல்லை, அது 3 பெருக்கல் 37. இந்த வரிசையில் நிற்கிற ஒன்றுகளின் எண்ணிக்கையே பகா எண்ணாக இருந்தால்தான் உள்ளே வரவே அனுமதி. அனுமதி கிடைத்தவர்களும் யோக்கியர்கள் என்று சொல்ல முடியாது. ஐந்து ஒன்றுகளை 41 உடைத்துவிடும். ஏழு ஒன்றுகளை 239 உடைத்துவிடும். பதினேழு ஒன்றுகள் பார்வைக்குக் கோயில் தர்மகர்த்தா மாதிரி இருக்கும். 2071723 என்ற ஆசாமி வந்து சட்டையைப் பிடித்ததும் சாயம் வெளுக்கும். பத்தொன்பது ஒன்றுகள் மட்டும் எவருக்கும் மசியாமல் நிமிர்ந்து நிற்கும். அதற்குப் பிறகு இருபத்து மூன்று. அதற்கப்புறம் முந்நூற்றுப் பதினேழு ஒன்றுகள் வரைக்கும் எவரும் தேற மாட்டார்கள்.

இதைக் கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். படித்ததை நம்பினேனா என்றால் இல்லை. அச்சில் வந்தால் உண்மையாகிவிடுமா? பத்தொன்பது ஒன்றுகளை எந்தப் பகா எண்ணாவது வகுத்தால், அந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 38-ஆல் வகுபட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதனால் சந்தேக நபர்கள் பட்டியல் வெகுவாகக் குறைந்தது. முதல் ஆள் 191, அடுத்து 229, அதற்கடுத்து 419. லாங்சைஸ் நோட்டுப் போட்டு ஒவ்வொருவராக வகுத்துப் பார்த்தேன். நோட்டு தீர்ந்தது, சந்தேகம் தீரவில்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த கல்லூரி நண்பனிடம் போனேன். அவன் இருபது வரி புரோகிராம் எழுதிக் கம்ப்யூட்டரை ஓட விட்டான். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தோம். திரையில் ஒன்றும் இல்லை. யாரும் வகுக்கவில்லை என்று அர்த்தம்.

"போதுமாடா?" என்றான்.

"கம்ப்யூட்டர் சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"இன்னொரு தடவை வா, உன்னையும் சேத்து வகுத்துப் பாக்குறேன்."

இதெல்லாம் தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. அந்த வருடம் எங்கள் தாளாளர் ஃபாதர், மைதானத்தைப் பார்த்த நீளச் சுவரைத் துறைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். அறிவியலுக்குக் கிழக்குப் பாதி, அதில் அவர்கள் ஒரு ராக்கெட் வரைந்தார்கள்; கணக்குக்கு மேற்குப் பாதி. நடுவில் மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற இரும்புக் குழாய் ஒன்று இருந்தது. அதுதான் எல்லை. "குழாயைத் தாண்டாதீங்கய்யா, அப்புறம் அறிவியல் சார் என்கிட்ட பஞ்சாயத்துக்கு வருவாரு" என்றார் ஃபாதர்.

கணக்குத் துறை என்பது இரண்டு பேர். நானும், சின்னாளப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒரு டீச்சரும். இருவரும் தற்காலிகம். டீச்சர் எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவர். அவர் வீட்டில் தறி. அப்பாவுக்குக் கண் மங்கியபின் டீச்சர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. சுவரில் செங்கோண முக்கோணம் போடலாம், பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கும் உதவும் என்றார் அவர். நான் விடவில்லை. "முக்கோணம் எல்லா ஸ்கூல்லயும் இருக்கு டீச்சர். நாம பத்தொம்பது ஒண்ணு எழுதுவோம். தமிழ்நாட்டுலயே எந்தச் செவத்துலயும் இருக்காது."

"இருக்காது சார். எதுக்கு எழுதப் போறாக?" என்றார் டீச்சர். ஆனால் விட்டுக்கொடுத்துவிட்டார். இதை நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன், பின்னால் உதவும் என்று.

எழுத வந்த பெயிண்டர் நிதானமான ஆள். அரசியல் கட்சிச் சுவர் எழுதிப் பழகியவர். அளவெல்லாம் எடுக்க மாட்டார்; இடது ஓரத்தில் தொடங்கினால் கண் கணக்கிலேயே போவார். "ஒண்ணுக்குத் தொப்பி, அடிக்கட்டை எல்லாம் வைக்கவா சார்? இல்ல வெறும் கோடா?" என்று கேட்டார். வெறும் கோடு போதும், மூன்றடி உயரத்துக்கு, கறுப்பில் என்றேன். மத்தியான வெயிலில் வேலை முடிந்தது. நான் வேப்பமர நிழலை விட்டு வெளியே வராமல், அங்கே நின்றபடியே விரலை நீட்டி நீட்டி எண்ணினேன். பத்தொன்பது. சந்தேகத்துக்கு மறுபடி. பத்தொன்பது. மூன்றாவது தடவையும் பத்தொன்பது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நாலைந்து வருடம் அந்த எண் எனக்குச் சொத்து மாதிரி இருந்தது. வருகிறவர் போகிறவரை எல்லாம் வேப்பமரத்தடியில் நிறுத்தி, கையை நீட்டிப் பேசுவேன். பிள்ளைகள் எனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்று எழுதப் போவதில்லை. அதிலும் ஒன்றுகள் வரும்.

பிறகு அந்தக் கோடை வந்தது. எல்லாக் கட்டிடத்திலும் மழைநீரைச் சேகரித்தாக வேண்டும் என்று சட்டம் வந்து, ஊரில் கொத்தனார்களுக்குக் கொண்டாட்டமாக இருந்த காலம். விடுமுறையில் எங்கள் பள்ளியிலும் பழைய இரும்புக் குழாய்களைப் பிடுங்கிவிட்டு, கட்டிடத்தின் பின்பக்கம் பிளாஸ்டிக் குழாய் இறக்கினார்கள். நான் ஊரில் இருந்தேன். டீச்சர் மட்டும் பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு எடுக்க வந்துபோனார்.

அந்த வருடம்தான் கணக்குக்கு ஒரு நிரந்தர இடம் வந்தது. ஒரே இடம். மாத முடிவுக்குள் ஃபாதர் ஒரு பெயரை அனுப்ப வேண்டும். வரிசைப்படி டீச்சருக்குப் போக வேண்டிய இடம் அது. வரிசையை மாற்றிக் காட்ட என்னிடம் ஒரு சுவர் இருந்தது.

பள்ளி திறந்த அன்று காலையிலேயே முன்னறிவிப்பு இல்லாமல் கல்வி அதிகாரி ஒருவர் வந்து இறங்கினார். பழைய கணக்கு வாத்தியாராம். இதைவிட வாகாக ஒரு நாள் வாய்க்குமா? அவரை நேரே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். ஃபாதர் கூட வந்தார். டீச்சர் எங்கிருந்தோ வேகமாக வந்து, "சார், ஒரு நிமிசம்" என்றார். பெருமையில் பங்கு கேட்க வருகிறார் என்று நினைத்து, அப்புறம் என்று கையைக் காட்டி அடக்கினேன்.

"ஐயா, இது பகா எண். மொத்தம் பத்தொம்பது ஒண்ணு" என்றேன்.

அதிகாரி மடக்கின குடையை நீட்டி மெதுவாக எண்ணினார். "பதினெட்டுதான இருக்கு."

"இருக்காதுங்கய்யா."

"நீங்களே எண்ணுங்க."

எண்ணினேன். பதினெட்டு. வலமிருந்து எண்ணினேன். அப்போதும் பதினெட்டுதான்.

அதிகாரி ஆள் நல்லவர், ஆனால் கணக்கு வாத்தியார். விடவில்லை. "இலக்கத்தைக் கூட்டினா பதினெட்டு, அப்போ ஒம்பதால வகுபடும். ஒண்ணுங்க இரட்டைப்படையில நின்னா பதினொண்ணால வகுபடும். ஏழு, பதிமூணு, முப்பத்தேழு எல்லாம் வகுக்கும். ஏன், உங்க பத்தொம்பதே வகுக்கும். பகா எண் எழுதச் சொன்னா சந்தையவே எழுதி வச்சிருக்கீங்களே சார்."

ஃபாதர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அந்த உதட்டையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாளே விசாரணையைத் தொடங்கினேன். இயற்பியல் ஆய்வகத்திலிருந்து பூதக்கண்ணாடி வாங்கிப் போய், சுவரில் ஒவ்வொரு ஒன்றாகப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு ஜன்னல் முழுக்கத் தலைகள். பதினெட்டு ஒன்றுக்கும் சேதமில்லை. பதினெட்டாவதுக்கும் ராக்கெட்டுக்கும் நடுவில் மட்டும் சுண்ணாம்பு பளிச்சென்று புதிதாக இருந்தது. ஆக, பத்தொன்பதாவதை யாரோ வெள்ளையடித்து மறைத்திருக்கிறார்கள். என் மூளை எனக்கே பெருமையாக இருந்தது.

பகா எண்ணை விசாரிக்கிற முறைப்படியே ஆட்களையும் விசாரித்தேன். முதலில் காவலாளி.

"லீவுல இந்தச் செவத்துப் பக்கம் யாரு வந்தா?"

"யாரும் வரலியே சார். கொத்தனாரு வந்து குழாயப் பிடுங்கிட்டுப் பூசுனாரு."

"குழாயைப் பத்திக் கேக்கல அண்ணே, ஒண்ணைப் பத்திக் கேக்குறேன். வேற யாரு?"

காவலாளி தலையைச் சொறிந்தார். "டீச்சர் வந்துச்சு. அன்னைக்குச் செத்த நேரம் செவத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. கொத்தனாருகிட்ட என்னமோ பேசுச்சு."

எனக்கு அது போதும். இருந்தாலும் முறை முறைதானே? விளையாட்டு வாத்தியாரைக் கேட்டேன். "எனக்கு என்னத்துக்குய்யா ஒன் ஒண்ணு? என்கிட்ட கம்பே ஏகப்பட்டது இருக்கு" என்றார். அலுவலக எழுத்தரைக் கேட்டேன். காணாமல் போன எண்ணுக்கு விண்ணப்பப் படிவம் இல்லை என்றார். அறிவியல் சாரைக் கேட்டேன். தன் ராக்கெட் ஒன்றைத் தின்னாது என்று எழுதித் தரவும் தயாராக இருந்தார். பெயிண்டரைத் தேடிப் போனால், பாலசமுத்திரத்தில் ஒரு ரைஸ் மில் சுவருக்குப் போயிருக்கிறார், வர இரண்டு வாரம் ஆகும் என்று பட்டறையில் சொன்னார்கள்.

டீச்சரைக் கேட்கவில்லை. திருடியவரிடமே போய்த் திருடினீர்களா என்று எந்த மடையனாவது கேட்பானா? பேச்சையே நிறுத்திவிட்டேன். அவர் ஒருநாள் "சார், அந்தச் செவரு..." என்று தொடங்கியபோது, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நடந்தேன். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

பிறகு ஃபாதருக்குக் கடிதம் எழுதினேன். முக்கோணம் வரைய விடாத கோபம், விடுமுறையில் சுவரருகே நின்றது, கொத்தனாரோடு பேச்சு, அதிகாரி முன் உதட்டைக் கடித்தது என்று காரணங்களை அடுக்கி, "சந்தேகிக்க இடமுண்டு" என்ற வார்த்தையை மூன்று இடத்தில் வைத்தேன். துறையின் மதிப்பைக் கெடுத்தவரை நிரந்தரமாக்குவது பற்றித் தாங்கள் யோசிக்க வேண்டும் என்று முடித்தேன்.

ஃபாதர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நெசமாத்தான் சொல்றீங்களா?"

"எல்லாரையும் விசாரிச்சுட்டேன் ஃபாதர்."

"சரி. அந்தம்மா பேரை அனுப்பறதா இருந்தேன். நிறுத்தி வைக்கிறேன். காரணத்தை இப்போதைக்கு அவங்ககிட்ட சொல்லல."

அன்று மாலை டீச்சர் ஃபாதரின் அறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். அழவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். எப்போதும் அவர் வகுப்பறைப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். அன்று இழுக்கவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன்: எதற்கு இந்த அவசரம்?

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது பெயிண்டர் திரும்பினார். என் வழக்குக்குக் கடைசி முத்திரை வேண்டுமென்று போனேன். அவர் ஒரு கல்யாணத் தட்டியில் மாப்பிள்ளையின் பெயருக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க பத்தொம்பது ஒண்ணு எழுதுனீங்கன்னு எனக்கு எழுதித் தரணும்."

"பதினெட்டுதான சார் செவத்துல எழுதுனேன்."

"நான் மூணு தடவை எண்ணுனேனே?"

"நீங்க எண்ணுனது சரிதான். பதினெட்டோட செவரு முடிஞ்சுபோச்சு, தாண்டுனா ராக்கெட்டு. மொதல்ல இருந்து அழிச்சு நெருக்கி எழுதலாம்னா வெயிலப் பாத்தீகள்ல? நீங்களும் தொப்பி வேணாம், வெறும் கோடுன்னுட்டீக. குழாயி ஒத்தையா நிமிந்து நின்னுச்சு. அதுல மூணடிக்குக் கறுப்பு அடிச்சு, மேலயும் கீழயும் செவத்துக் கலர் குடுத்துட்டேன். பிள்ளைகளுக்கெல்லாம் தெரியுமே சார். கல்லால தட்டுனா அந்த ஒண்ணு மட்டும் டங்குங்கும்."

நாலைந்து வருடம். ஆயிரம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. காவலாளி என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், அந்தக் குழாயை மட்டும் முழு மனதோடு நம்பியிருக்கிறேன்.

பெயிண்டர் பிரஷ்ஷைத் துடைத்தார். "எழுதித் தரணுமா சார்?"

"வேணாம்ண்ணே."

மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கு நடந்தே போனேன். போகிற வழியில் இன்னொரு யோசனையும் வந்தது, அதை மறைக்கவில்லை. பெயிண்டரைப் பார்த்ததே யாருக்கும் தெரியாது. நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இடம் எனக்கு. இந்த யோசனை மேடு ஏறுகிற வரைக்கும் கூடவே வந்தது. இறக்கத்தில் தானாக விட்டுப் போயிற்று என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன். சாலையோரம் மூன்று இடத்தில் கொத்தனார்கள் பழைய இரும்புக் குழாயைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் என்னைப் பார்த்து ஒன்று என்றது.

ஃபாதரிடம் போய்க் குழாயைச் சொன்னேன். அவர் என் கடிதத்தை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதை நீங்களே வச்சுக்குங்க. எப்பவாச்சும் யாரையாச்சும் சந்தேகம் வந்தா எடுத்துப் படிங்க." என் முன்னாலேயே டீச்சரின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லி, அன்றே அனுப்பிவிட்டார். நான் இன்னும் ஒரு வருடம் தற்காலிகமாக இருந்துவிட்டு, டியூஷன் எடுக்கப் போய்விட்டேன். அங்கே சுவரில் எதுவும் எழுதவில்லை.

ஃபாதர் அறையிலிருந்து நேரே டீச்சரைத் தேடிப் போனேன். கணக்கு ஆய்வகம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட சின்ன அறையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். கதவருகில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தைச் சொன்னேன், பெயர் போய்விட்டதையும் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தைக்கு நடுவில் ஒரு இருமல் வந்தது.

டீச்சர் எழுந்து பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு, பழைய செய்தித்தாள் சுற்றிய நீளமான எதையோ இழுத்து என் முன்னால் நிறுத்தினார். பிரித்தேன். அறுத்தெடுத்த இரும்புக் குழாய். நடுவில் மூன்றடி கறுப்பு, இரண்டு முனையிலும் சுவர் நிறம்.

"கொத்தனாரு பழைய இரும்புக்குப் போடுறேன்னாரு. சாரோட ஒண்ணாச்சேன்னு கேட்டு வாங்கி வச்சேன்" என்றார்.

விடுமுறையில் சுவரைப் பார்த்து நின்றது அதற்குத்தான். கொத்தனாரிடம் பேசியது அதற்குத்தான். அதிகாரி வந்த அன்று ஓடி வந்ததும் அதைச் சொல்லத்தான். குழாயைப் பிடித்தபடியே நின்றேன். எடை இருந்தது. வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், பழைய புத்தி தலையைத் தூக்கியது. பழியில் கொஞ்சத்தையாவது அந்தப் பக்கம் தள்ளப் பார்த்தேன்.

"இம்புட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, கடைசி வரைக்கும் ஏன் டீச்சர் சொல்லவே இல்ல?"

அவர் மறுபடி உட்கார்ந்து, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து, அடுத்த நோட்டை எடுத்துக்கொண்டார். தலை நிமிரவில்லை.

"எல்லாரையும் கேட்டீங்க சார், என்னைய மட்டும் கேக்கல."